பூஜைக்கு எடுத்த டூல்கள்

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு மெஷினிலிருந்து டூல்களையெல்லாம் கழற்றி வெளியே எடுத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் இப்படிச் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. ஓசூரில் நான் வேலை பார்த்த இடத்தில் மெஷின் கதவுக்குச் சந்தனப் பொட்டும் மாலையும் போட்டு, பொரிகடலை கொடுத்து முடித்துவிடுவார்கள். நல்லம்பள்ளியைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற இந்தச் சின்னப் பட்டறையில், ஆயுதம் என்றால் வெட்டுகிற பொருள்தான், அதுதான் சாமி படத்துக்கு முன்னால் போக வேண்டும் என்று முதலாளி வீட்டில் ஒரு பிடிவாதம். லேத் மட்டும் இருந்த காலத்தில் அதில் ஒரு கஷ்டமும் இருந்திருக்காது. நாலு வெட்டுளியைத் துடைத்து வாழை இலையில் வைத்து, மறுநாள் எடுத்து மாட்டினால் வேலை தொடங்கிவிடும். ப்ரோகிராம்படி தானே வெட்டுகிற சிஎன்சி மெஷின் வந்த பிறகும் அந்த வழக்கம் அப்படியே தொடர்ந்தது.

நான் அங்கே செட்டர், வெட்டுக்கு மெஷினைத் தயார் செய்து கொடுப்பவள். ப்ரோகிராம் எழுதுவதும் நான்தான். பெண்கள் பிசிறு எடுக்கிற மேசையிலும் அளந்து பார்க்கிற மேசையிலும்தான் இருப்பார்கள். மெஷினில் நின்று செட்டிங் செய்தவள் நான் ஒருத்தி. பாலிடெக்னிக் முடித்து, ஆபரேட்டராகச் சேர்ந்து, அந்த இடத்துக்கு வர எனக்கு என் இளமையின் பெரும்பகுதி ஆனது. அந்த இடம் போய்விடுமா என்பதுதான் சென்ற புரட்டாசியிலிருந்து என் கவலை.

வேலை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பாகத்தின் வரைபடம் கைக்கு வந்ததும், எந்தப் பக்கத்தை முதலில் வெட்டுவது, வெட்டிய பிறகு அதை எங்கே பிடிப்பது என்று முடிவு செய்கிறோம். பிறகுதான் ப்ரோகிராம். அதைத் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு மெஷினுக்கு வருகிறோம். உலோகக் கட்டியைக் கவ்வுகிற வைஸை மெஷின் மேசையில் வைத்து, அசைவு காட்டும் டயலை ஓட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்து இறுக்குகிறோம். கட்டியைப் பிடித்து, அதன் மூலையைத் தொட்டு, இதுதான் பூஜ்யம் என்று மெஷினுக்குச் சொல்கிறோம். பிறகு ஒவ்வொரு டூலாக இறக்கி, கட்டிக்கும் டூலுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அசைத்து, காகிதம் லேசாகப் பிடிக்கிற இடத்தில் அந்த டூலின் நீளத்தைப் பதிகிறோம். கடைசியில் கட்டிக்கு மேலே, காற்றில், ஒருமுறை முழுவதையும் ஓட்டிப் பார்க்கிறோம். அதற்குப் பிறகுதான் முதல் வெட்டு. நடுவில் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் மெஷின் கேட்காது, தடுக்காது. பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடுகற்களைப் பார்க்கப் போவதுண்டு. எங்கள் மாவட்டத்தில் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் அவை நிற்கின்றன. அவற்றின் எழுத்துகளை வாசிக்கப் புத்தகங்களை வைத்துக்கொண்டு பழகினேன். பழைய கற்களில் முதலில் அரசனின் ஆட்சியாண்டு வரும், அப்புறம் நாடு, ஊர், அப்புறம்தான் செத்தவன் யார், எந்த மாட்டை மீட்கப் போனான் என்பது. ஆண்டைச் சொல்லாமல் சாவைச் சொல்ல மாட்டார்கள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். பூஜைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. பிள்ளையாரைப் பிடித்து வைக்காமல் யாரும் கற்பூரம் காட்டுவதில்லை. சென்ற விஜயதசமியன்று நடந்தது இரண்டு ஒழுங்குகள் ஒரே நேரத்தில் ஒரே மெஷினைக் கேட்டதுதான் என்று பிறகு யோசித்தேன். ஆனால் யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை.

எங்கள் மெஷினில் டூல்கள் ஒரு வட்டத் தட்டில், எண் போட்ட குழிகளில் தொங்கும். மெஷினுக்குக் கண் கிடையாது. ஒன்றாம் குழியில் தொங்குவது ஒன்றாம் டூல் என்று நம்பி, ஒன்றாம் டூலுக்கு நான் பதிந்த நீளத்தைக் கணக்கில் வைத்து இறங்கும். குழி மாறக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு டூலைப் பிடித்திருக்கிற ஹோல்டரிலும் மார்க்கர் பேனாவால் எண் எழுதி வைத்திருந்தேன். முந்தைய ஆண்டுகளில் பூஜை முடிந்ததும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் திரும்ப மாட்டுவேன்.

சென்ற ஆண்டு பூஜைக்கு முன்னால் டூல்களைத் துடைத்தவர் எங்கள் ஆபரேட்டர். இண்டூர்ப் பக்கமிருந்து பைக்கில் வருகிறவர். என்னைவிடச் சின்னவர், நல்ல வேலைக்காரர், வாய் கொஞ்சம் நீளம். எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும் என்று முதலாளியின் மனைவி சொன்னார். ஆபரேட்டர் தின்னர் ஊற்றித் துடைத்தார். எண்ணெயோடு எண்களும் போய்விட்டன. நான் அப்போது அலமாரிக்குப் பின்னால் கழிவுச் சீவல்களை அள்ளிக்கொண்டிருந்தேன். வந்து பார்க்கும்போது டூல்கள் இலையில் இருந்தன. முதலாளியின் மனைவி அவற்றை உயரமானதிலிருந்து குட்டையானது வரை அழகாக அடுக்கி, ஒவ்வொன்றின் கழுத்திலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். பூஜையில் வைத்த பிறகு, மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிய நேரமாகிவிட்டது. ஐயர் வேறு ஒரு பட்டறைக்குப் போய்விட்டு வந்தார். நல்ல நேரம் முடிவதற்குள் மெஷின் ஓடி, ஒரு வெட்டாவது விழ வேண்டும் என்பது வழக்கம். வைஸில் ஒரு அலுமினியக் கட்டியை முன்னாலேயே பிடித்து வைத்திருந்தோம்.

"என்னம்மா, ஆச்சா? நேரம் போவுது" என்றார் முதலாளி.

"சார், நம்பரெல்லாம் அழிஞ்சிருக்குது. ஒண்ணொண்ணா அளந்துதான் மாட்டணும்."

"அளந்துக்கலாம். மொத வெட்டு மட்டும் போட்டுட்டு நிறுத்திருவோம். அப்புறம் நாளு பூரா அளங்க, யாரு கேக்கறாங்க?"

"மொத வெட்டுக்கே அளக்கணுங்க சார்."

"அக்கா பேப்பரை வெச்சித் தடவி முடிக்கறதுக்குள்ள தீவாளியே வந்துரும் சார்" என்றார் ஆபரேட்டர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

முதலாளி லேத்தில் நின்று மேலே வந்தவர். கை வேகமானவர். பேசிக்கொண்டிருக்கும்போதே இலையில் இடப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் இருந்ததை ஒன்றாம் குழிக்கு, அடுத்ததை இரண்டாம் குழிக்கு என்று மாட்டத் தொடங்கிவிட்டார். ஒன்றாம் குழியில் எப்போதும் இருப்பது மேல்முகத்தைச் சீவுகிற அகலமான, குட்டையான கட்டர். இலையில் முதலில் இருந்தது துளை போடுகிற நீளமான ட்ரில்.

"சார், வரிசை மாறுது" என்றேன்.

"மாத்திக்கலாம்மா. இருங்க."

மாட்டி முடித்ததும் முதலாளியின் மனைவி கற்பூரத் தட்டோடு மெஷின் முன்னால் வந்தார். "நீங்களே அமுத்துங்கம்மா. பொம்பள கை. மகாலட்சுமி மாதிரி" என்று என்னைத்தான் கூப்பிட்டார். அதை நான் மறக்கவில்லை, அவரும் மறந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"இல்லீங்க. ஒருதரம் காத்துல ஓட்டிப் பாக்காம நான் அமுத்தறதில்லீங்க."

"பாருங்க, எத்தன வருசமா ஓட்டறாங்க, இன்னும் பயம் போவல" என்று சிரித்தார். அதில் குத்தல் ஏதும் இல்லை. தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பச்சைப் பொத்தானை அவரே அமுக்கினார்.

குட்டைக் கட்டரின் நீளத்தை நம்பி நீள ட்ரில் இறங்கியது. நான் தாவிச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். அதற்குள் ட்ரில் கட்டியில் குத்தி முறிந்து, ஹோல்டர் வைஸின் தாடையில் இடித்து, கட்டி பிடியிலிருந்து பிதுங்கிச் சாய்ந்துவிட்டது. அடைத்த கதவுக்குள் நடந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சத்தம் மட்டும் பக்கத்துப் பஞ்சர் கடைவரை கேட்டதாம். எல்லோரும் மெஷினைப் பார்த்தபோது அதன் மேல் ஒரே ஒரு கைதான் இருந்தது. சிவப்புப் பொத்தானின் மேல் என் கை.

முதலாளியின் மனைவி தட்டில் கற்பூரம் எரிய எரிய வீட்டுக்குப் போய்விட்டார். முதலாளி, டூலைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்த்து, டயலை வைத்து ஆட்டம் பார்த்தார். முள் துள்ளியது, ஸ்பிண்டில் கோணியிருந்தது. "சரி, சர்வீஸ்காரனக் கூப்புடுங்க" என்றார். பொரிகடலைப் பொட்டலங்கள் மேசையில் அப்படியே இருந்தன.

சர்வீஸ்காரர் வந்து போவதற்குள் ஊரில் பேச்சு வேறாகிவிட்டது. விஜயதசமியன்று மெஷின் உடைந்தது கெட்ட சகுனம், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று முதலாளி வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குழாயடியில் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது முதலாளியின் மனைவி வந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கேக்கோணுமேன்னு கேக்கறேன். அன்னைக்கு நீங்க தூரமா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் மாதவிலக்கை அப்படித்தான் சொல்வார்கள். கையிலிருந்த சோப்பு நுரையைக் கழுவி முடித்தேன். அவர் பதிலுக்கு நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வேலை நாளில் முதலாளி என்னை மெஷின் பக்கம் போக விடவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. "கொஞ்ச நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல உக்காருங்கம்மா. நின்னுட்டே இருக்கறீங்க, காலுக்கும் நல்லது" என்றார். ஸ்பிண்டில் சரியானதும் செட்டிங்கை ஆபரேட்டரிடம் கொடுத்தார்கள்.

அளக்கிற மேசை, பிசிறு எடுக்கிற மேசைக்கு எதிரில் இருந்தது. அங்கே அரத்தோடு உட்கார்ந்திருந்தவர் கடத்தூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டுப் பெண். எனக்கு நல்ல பழக்கம். நடந்ததைச் சொன்னேன்.

"என்னையும் கேட்டிருக்காங்க அக்கா, போன வருசம். இல்லன்னு சொல்லிருங்க. எப்பக் கேட்டாலும் நான் இல்லன்னுதான் சொல்றது."

"எப்பக் கேட்டாலுமா?"

"ஆமா. எங்க கோயில்ல இதெல்லாம் கேக்க மாட்டாங்க. இங்க கேட்டா இல்லன்னு சொல்லிட்டு, பாவசங்கீர்த்தனம் பண்றப்ப அதையும் சேத்துச் சொல்லிருவேன். சாமியாருக்கே சலிச்சுப் போயிருக்கும்."

சிரித்தேன். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அதைச் சொன்னபோது அவரும் சிரித்தார். அவர் மினி பஸ் ஓட்டுகிறவர். சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகு, "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. இல்லன்னு ஒரு வார்த்த. முடிஞ்சுது" என்றார்.

"இல்லன்னு சொன்னா, அந்தக் கேள்வி சரிதான்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆவும். அடுத்த தடவ ஏதாச்சும் ஒடஞ்சா மறுபடியும் கேப்பாங்க."

"ஒடையாதபடி பாத்துக்க."

"ஒடைச்சது நான் இல்லையே."

"நீ இல்லன்னு எனக்குத் தெரியும். உங்க முதலாளிக்கும் தெரியும். அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பதுதான் எனக்கும் விளங்கவில்லை. நான் தினமும் எழுதி வைக்கிறவள். எந்த நாளில் மழை, எந்த நாளில் சந்தையில் முதல் மாம்பழம், எந்த நாளில் மெஷினுக்கு எண்ணெய் மாற்றினோம் என்பதெல்லாம் என்னிடம் இருக்கும். முதலாளியின் மனைவி கேட்ட கேள்விக்கு விடையும் எனக்குத் தெரியும். அதை இங்கேயும் எழுதப் போவதில்லை. ஆமாம் என்று எழுதினாலும் இல்லை என்று எழுதினாலும், படிக்கிறவர் அதைக் கொண்டு மெஷின் உடைந்ததைக் கணக்குப் பார்ப்பார்.

ஐப்பசியில் ஒருநாள் முதலாளியே மேசைக்கு வந்து எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"டூல் மாறினதுதான் காரணம்னு எனக்குத் தெரியாதாம்மா? மாட்டினது நான்தான."

"அப்ப ஏன் சார் என்னைய இங்க உக்கார வெச்சிருக்கீங்க?"

"வூட்ல மனசுல விழுந்துருச்சு. மெஷின் அவங்க பேர்லதான் இருக்குது, உங்களுக்குத் தெரியும். அவங்ககிட்ட ஒரு வார்த்த, இல்லன்னு சொல்லிட்டு வாங்க. இப்பவே போயி மெஷின்ல நில்லுங்க."

"டூலை எந்த வரிசையில மாட்டுனீங்கன்னு யாராச்சும் கேட்டா பதில் சொல்றேன் சார். அதைக் கேட்டாச் சொல்ல மாட்டேன்."

அவர் மேசை மேலிருந்த மைக்ரோமீட்டரை எடுத்துத் திருகித் திருகிப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க. நான் என்ன சொல்றது" என்று எழுந்து போனார். அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை முழுவதும் நான் அந்த மேசையில் இருந்தேன். என்னைக் குலைத்தது எது என்று யோசித்தால், ஆபரேட்டரின் செட்டிங் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் காற்றில் ஓட்டிப் பார்ப்பதில்லை. கட்டியைப் பிடித்து, நீளம் பார்த்து, நேராக வெட்டுக்குப் போய்விடுவார். நான் மைக்ரோமீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். சத்தம் வரவே இல்லை. பாகங்கள் அளவுக்குள் வந்தன. நானே அளந்து சரி என்று குறி போட்டு அனுப்பினேன். வரிசையை விட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இது எல்லா செட்டருக்கும் தெரிந்த, யாரும் சொல்லாத விஷயம். ஒன்றும் ஆகாத நாட்களில் வரிசைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஆகிவிட்ட நாளில் அதைத் தேடுவதும் இல்லை, வேறு எதையாவது தேடுகிறார்கள். சில நாட்களில் வீட்டுக்கு வரும் வழியில், ஏதாவது இடித்தால்தான் என்ன என்று நினைத்திருக்கிறேன். நினைத்ததும் அதை விலக்குவேன். ஆபரேட்டருக்குச் சின்னக் குழந்தைகள்.

மார்கழியில் ஒரு புதுப் பாகம் வந்தது. ஒரு பக்கம் வெட்டி, திருப்பிப் பிடித்து, மறுபக்கம் வெட்ட வேண்டும். இரண்டு பக்கத்துத் துளைகளும் நடுவில் சந்திக்க வேண்டும். எதை முதலில் வெட்டுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் திருப்பும்போது பிடிக்க இடம் இருக்கும். ஆபரேட்டர் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"இது என்னால ஆவாது சார். அக்காவ விடுங்க."

"நீ பண்ணுய்யா, பழகிக்க."

"பழகறதுக்கு வேற பார்ட்டு குடுங்க. இதுல பழகினா கஸ்டமர் நம்மள மறந்துருவான். தின்னர் போட்டுத் தொடச்சது நான், மாட்டுனது நீங்க. அக்கா ஏன் அங்க உக்காந்திருக்காங்க?"

அன்றைக்கு மதியமே நான் மெஷினில் நின்றேன். யாரும் எதையும் கேட்கவில்லை. முன்பு கேட்ட கேள்வியை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. வைஸைக் கழற்றி, அடியைத் துடைத்து, மறுபடி வைத்து டயல் ஓட்டினேன். ஆபரேட்டர் பக்கத்தில் நின்று, "பேப்பர் வேணுமா அக்கா? தீவாளிதான் போயிருச்சே, பொங்கலுக்குள்ள முடிச்சிருவீங்களா?" என்றார்.

அந்தப் பாகம் சரியாக வந்தது. அதற்குப் பிறகும் நான்தான் செட்டர். எல்லாம் முன்போல ஆகிவிட்டது என்று என் கணவர் சொன்னார்.

இந்த ஆண்டு ஆவணி முடிவில் பூஜைப் பேச்சு வந்தபோது நானே முதலாளியிடம் போனேன். டூல்களை மெஷினிலிருந்து எடுக்க வேண்டாம், கதவுக்கே பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"எடுக்க வேணாம். நானே சொல்லலாம்னு இருந்தேன். பழைய வெட்டுளி நாலு கெடக்குது, அதையே எலையில வெச்சிக்கலாம்."

நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"அப்புறம் இன்னொண்ணும்மா" என்றார். "பூஜை அன்னைக்கும் மறுநாளும் லேடீஸ் எல்லாருக்கும் லீவு விட்டுரலாம்னு வூட்ல சொல்றாங்க. சம்பளத்தோடதான். வூட்ல நீங்களும் பூஜை பண்ணோணுமில்ல?"

அவர் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்கிறவரின் நிறைவுதான் இருந்தது. அவருக்குப் பின்னால் என் மெஷினில், வைஸில் கட்டி பிடித்தபடி கிடக்கிறது, ஓடத் தயார் என்று பச்சை விளக்கு எரிகிறது என்பது மட்டும்தான் அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"எனக்கு லீவு வேணாங்க சார். நான் வேலைக்கு வர்றேன்."

"பாக்கலாம்மா" என்றார்.

இதைப் பிசிறு மேசைப் பெண்ணிடம் சொன்னேன். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நாளு சம்பளத்தோட லீவு அக்கா. என் பையனக் கூட்டிக்கிட்டு ஒகேனக்கல் போயி மீனு தின்னுட்டு வரலாம்னு இருக்கேன். நீங்க பாட்டுக்கு வேணாம்னு சொல்லி எங்களுக்கும் சேத்துக் கெடுத்துறாதீங்க."

"உங்களுக்கு வேணாம்னு நான் சொல்லலையே."

"நீங்க ஒருத்தி வந்து நின்னா, அவங்க மட்டும் வர்றாங்க, நீ ஏன் வரலன்னு என்னையக் கேப்பாங்க. அதுக்கு நான் என்ன சொல்றது?"

அவர் கோபப்படவில்லை. அரத்தை எடுத்து மறுபடியும் ராவத் தொடங்கினார்.

புரட்டாசி பிறந்துவிட்டது. விஜயதசமியன்று காலை வழக்கமான பஸ்ஸுக்கே கிளம்புகிறேன் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். "கேட்டுல நிறுத்திட்டா?" என்று அவர் கேட்டார். நிறுத்தினால் வெளியே நின்றுவிட்டு, முதல் வெட்டுச் சத்தம் கேட்ட பிறகு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறேன் என்றேன்.